சங்கத்தில் சேராத வீட்டுக்காரரை மனைப்பிரிவு விதி கட்டுப்படுத்துமா? (வேலூர்)

புதுச்செயலாளர் | 3 மார்ச் 2025, இரவு 9.15

வேலூர் மாநகராட்சி எல்லைக்குள் 130 மனை உள்ள மனைப்பிரிவு. 90-களில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம். சங்கம் முறைப்படி பதிவானது. ஒரு வீட்டை அறை அறையாகத் தடுத்து, ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிமாநில நோயாளிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். "மனைகளைக் குடியிருப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்" என்று எங்கள் துணைவிதியில் இருக்கிறது. உரிமையாளர் "நான் உங்கள் சங்கத்தில் உறுப்பினரே இல்லை, உங்கள் விதி எனக்கு எதற்கு" என்கிறார். அவருக்கு அபராதம் போடலாமா? சங்கத்து போர்வெல் தண்ணீரை நிறுத்தலாமா? கமிட்டியில் பாதிப் பேர் நிறுத்திவிடலாம் என்கிறார்கள்.

காட்பாடி வாசி | 3 மார்ச், இரவு 10.02

நிறுத்துங்க சார். புது அபார்ட்மென்ட் சட்டத்தில் சங்கத்துக்கு அந்த அதிகாரம் இருக்கு.

பத்திரக்கட்டு | 4 மார்ச், காலை 7.30

தண்ணீரில் கை வைக்காதீர்கள். மறுநாளே அவர் தடையாணை கேட்டுப் போவார். உள்ளே நோயாளிகள் இருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும், நீதிமன்றத்தின் அனுதாபம் முழுக்க அந்தப் பக்கம் போய்விடும். வழக்கு தொடங்கும் முன்பே நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள்.

காட்பாடி வாசி சொன்ன 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் (2024-ல்தான் நடைமுறைக்கு வந்தது) தனி மனைகளுக்குப் பொருந்தாது. அங்கே ஒரே நிலத்தில் எல்லோருக்கும் பிரிபடாத பங்கு உண்டு, அதனால் ஃப்ளாட் வாங்கினாலே சங்கத்துக்குள் வந்தாக வேண்டும். மனைப்பிரிவில் அவரவர் மனை அவரவருக்கு. 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான உங்கள் சங்கம், சேர்ந்தவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம்தான். சேராதவரைத் துணைவிதி தொடாது, அபராதமும் செல்லாது. உறுப்பினருக்கே கூட, துணைவிதியில் தொகையும் நடைமுறையும் எழுதியிருந்தால்தான் அபராதம் நிற்கும்.

ஆனால் உரிமையாளர் சொல்வதிலும் பாதிதான் உண்மை. துணைவிதி தொடாவிட்டாலும் அவரைத் தொடுகிற விதி இன்னும் இரண்டு இருக்கிறது. ஒன்று, மனைப்பிரிவு அங்கீகாரத்தின் நிபந்தனையும் நில உபயோக மண்டலமும். இன்னொன்று, முதல் கிரயப் பத்திரத்தில் மனை போட்டவர் எழுதிய நிபந்தனை. முதலாவது அரசின் விதி. சங்கம் மனு கொடுக்கலாம், நடவடிக்கையை அதிகாரிதான் எடுக்க வேண்டும். இரண்டாவது தனியார் ஒப்பந்தம், அதற்கு சிவில் கோர்ட். எந்த விதி மீறப்பட்டது என்று பிரித்துப் பார்க்காமல் மூன்றையும் ஒரே நோட்டீஸில் போட்டுக் குழப்புவதால்தான் பெரும்பாலான சங்கங்கள் தோற்கின்றன.

வரைபடக்காரர் | 4 மார்ச், மதியம் 1.20

முதலில் காகிதத்தைத் திரட்டுங்கள். மனை வாங்கும்போது கையில் தரும் வரைபட நகல் போதாது. அதோடு சேர்ந்த செயல்முறை ஆணை வேண்டும். நிபந்தனைகள் அதில்தான் வரிசை எண்ணோடு இருக்கும். எது சாலை, எது பூங்கா, எது கடைக்கான மனை, எது பள்ளிக்கு ஒதுக்கியது என்று அங்கே தெளிவாகத் தெரியும். டிடிசிபி தருவது தொழில்நுட்ப ஒப்புதல். சாலையையும் பூங்காவையும் தானப் பத்திரமாக எழுதி வாங்கிய பிறகு உள்ளாட்சி கொடுப்பதுதான் இறுதி அங்கீகாரம். ஆகவே இரண்டு ஆணைகளும் வேண்டும்.

சங்கத்தில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். இப்படிக் கேட்டால் சுற்றி வளைக்க முடியாது:

"1. சர்வே எண் ___-ல் அமைந்த, அங்கீகார எண் ___ கொண்ட மனைப்பிரிவின் ஒப்புதல் வரைபடம், செயல்முறை ஆணை ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல் தருக.
2. மேற்படி மனைப்பிரிவின் சாலைகளும் பொது ஒதுக்கீட்டு இடமும் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்ட தானப் பத்திரத்தின் எண், ஆண்டு, நகல் தருக.
3. மனை எண் ___-க்கு வழங்கப்பட்ட கட்டட அனுமதி, அதன் வரைபடம், சொத்து வரி விதிப்பு வகை தருக."

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருக்கிற ஆவணத்தை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

புதுச்செயலாளர் | 4 மார்ச், இரவு 9.48

மனு எங்கே போடுவது? மாநகராட்சியிலா, டிடிசிபியிலா?

வரைபடக்காரர் | 5 மார்ச், காலை 6.55

இரண்டு இடத்திலும் தனித்தனியாக. மாநகராட்சியில் ஒன்று, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் ஒன்று. வேலூர் மாநகராட்சி ஆனது 2008-ல். சத்துவாச்சாரி, தாராபடவேடு போன்ற பகுதிகள் அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தன. உங்கள் இடம் 90-களில் பஞ்சாயத்திலோ பேரூராட்சியிலோ இருந்திருந்தால், தானப் பத்திரம் அந்தப் பழைய உள்ளாட்சியின் பெயரில்தான் இருக்கும். இணைப்பின்போது கோப்பு வந்து சேராத இடங்கள் உண்டு. "எங்களிடம் இல்லை" என்று பதில் வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள், பின்னால் உதவும்.

பத்திரக்கட்டு | 5 மார்ச், இரவு 8.10

கிரயப் பத்திர நிபந்தனையைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

மனை போட்டவர் முதல் வாங்குநருக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தை எடுங்கள். இப்போதைய உரிமையாளர் மூன்றாவது கையாகக்கூட இருக்கலாம், அவர் பத்திரத்தில் நிபந்தனை இல்லாமலும் இருக்கலாம். பார்க்க வேண்டியது முதல் பத்திரம். இரண்டு மாதிரி வாசகம் வரும்:

(அ) "மேற்படி மனையில் குடியிருப்பு வீடு தவிர தொழிற்கூடமோ வியாபார ஸ்தலமோ கட்டக் கூடாது."
(ஆ) "பொதுப் பராமரிப்புக்கு மாதா மாதம் தொகை செலுத்தி வர வேண்டியது."

(அ) எதிர்மறைக் கட்டுப்பாடு. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 40-ன்படி, அதை அறிந்து வாங்கிய அடுத்தடுத்த கைகளையும் அது கட்டும். பதிவான பத்திரத்தில் இருப்பது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், "எனக்குத் தெரியாது" என்று தப்பிக்க முடியாது. (ஆ) செய்ய வேண்டிய கடமை. அது நிலத்தோடு நகராது, முதலில் கையெழுத்திட்டவரோடு நின்றுவிடும். மூன்றாவது கையிடம் பராமரிப்புப் பணம் கேட்டு அந்தப் பத்திரத்தை நீட்டினால் எடுபடாது.

அடுத்தது, வழக்கு போடுவது யார்? பிரிவு 40 உரிமை தருவது, தன் அசையாச் சொத்தை நன்றாக அனுபவிப்பதற்காக அடுத்தவர் நிலத்தின் உபயோகத்தைக் கட்டுப்படுத்தும் உரிமை உள்ளவருக்கு. பெரும்பாலான சங்கங்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. சங்கம் மட்டும் வாதியாக நின்றால் "உனக்கு என்ன சொத்து இருக்கிறது" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும். அந்த வீட்டை ஒட்டிய மனைக்காரர் ஒருவரையாவது முதல் வாதியாகச் சேருங்கள். அவர் பத்திரத்திலும் அதே நிபந்தனை இருக்கட்டும்.

முன்னாள் அலுவலர் | 6 மார்ச், காலை 11.05

மேலே உள்ளவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முழு உரிமையையும் விற்றுவிட்டு, அதை எப்படி அனுபவிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் அதே சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 11-ன்படி செல்லாது. விற்பவர் தன்னிடம் மீதம் உள்ள வேறொரு நிலத்தின் நன்மைக்காகப் போட்டால்தான் செல்லும். மனை போட்டவர் கையில் மற்ற மனைகள் இருக்கும்போது விற்ற மனைக்கு இது பலமாக நிற்கும். கடைசியாக விற்ற மனைகளில் எதிர்த்தரப்பு இந்த ஓட்டையைப் பிடிக்கும். ஆகவே அந்த மனை எந்தத் தேதியில் விற்றது, அன்று எத்தனை மனை மீதம் இருந்தது என்று வில்லங்கச் சான்றில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் போட்டால் கட்டணம் இல்லாமலே வில்லங்கம் பார்க்கலாம்.

பத்திரக்கட்டு | 6 மார்ச், இரவு 9.30

சரியான சேர்க்கை, ஐயா. அதனால்தான் பத்திர நிபந்தனையை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

இன்னொரு பெரிய வினை பாரபட்சம். அதே தெருவில் ஒரு டியூஷன் சென்டர், மூலையில் ஒரு கிளினிக், செயலாளரின் உறவினர் வீட்டுத் தரைத்தளத்தில் ஒரு குடோன். இதெல்லாம் பல வருஷமாக இருக்க, சங்கம் வாயே திறக்காமல் இவர் ஒருவரை மட்டும் பிடித்தால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் பிரிவு 41-ன்படி, நீங்களே இசைந்து விட்டுவைத்த மீறலுக்கு இப்போது தடையாணை கேட்கிறீர்கள் என்று தள்ளிவிட வாய்ப்புண்டு. நோட்டீஸ் அனுப்பும் முன் 130 மனைக்கும் ஒரு பட்டியல் போடுங்கள்: மனை எண், அனுமதித்த உபயோகம், நடப்பு உபயோகம், எப்போதிலிருந்து. எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே வாசகத்தில் கடிதம் போகட்டும். கமிட்டி ஆட்களின் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

காட்பாடி வாசி | 7 மார்ச், காலை 8.00

டியூஷனும் தப்பா? எங்க தெருவுல பத்து வீட்டுக்கு ஒரு டியூஷன் இருக்கே சார்.

வரைபடக்காரர் | 7 மார்ச், மாலை 5.40

எல்லாமே தவறு இல்லை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம் என்று மண்டலத்துக்கு ஏற்ப உபயோகப் பட்டியல் இருக்கிறது. முதன்மைக் குடியிருப்பிலேயே அங்கு குடியிருப்பவர் நடத்தும் தொழில்முறை அலுவலகம், அன்றாடச் சாமான் விற்கும் சின்னக் கடை, ஒற்றை ஆள் தையல் கடை போன்றவற்றுக்கு இடம் உண்டு. ஒரு டாக்டர் தன் வீட்டு முன்னறையில் நோயாளி பார்ப்பது வேறு, வீடு முழுவதையும் தங்கும் விடுதியாக்குவது வேறு. கலப்புக் குடியிருப்பில் பட்டியல் இன்னும் நீளம்.

அதனால் கோபத்தோடு மனு எழுதும் முன், முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) உங்கள் சர்வே எண் எந்த மண்டலம் என்று நில உபயோகச் சான்று வாங்குங்கள். இதைச் செய்யாமல் "குடியிருப்புப் பகுதி, குடியிருப்புப் பகுதி" என்று பக்கம் பக்கமாக எழுதி, கடைசியில் அது கலப்பு மண்டலம் என்று தெரிந்தால் மனு அன்றே செத்தது. ஆற்காடு ரோடு, காட்பாடி ரோடு போன்ற பெரிய சாலைகளை ஒட்டிய மனைகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முன்னாள் அலுவலர் | 8 மார்ச், காலை 10.15

மண்டலம் முதன்மைக் குடியிருப்புதான் என்றால் மனு ஆணையருக்கு, நகல் உள்ளூர் திட்டக் குழுமத்துக்கு. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளை நினைவில் வையுங்கள். வேலை நடந்துகொண்டிருந்தால் பிரிவு 57, நிறுத்தச் சொல்ல. முடிந்துவிட்டாலோ உபயோகம் மாறிவிட்டாலோ பிரிவு 56, பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்ல. தடுப்புச் சுவர் எழும்போதே மனு கொடுத்தால் வேலை சுலபம். ஆட்கள் தங்க ஆரம்பித்த பிறகு இழுக்கும்.

மனுவோடு இணைக்க வேண்டியவை: தேதியுள்ள புகைப்படம் (பெயர்ப்பலகை, அறை எண் எழுதிய கதவு, வெளியே காயும் படுக்கை விரிப்பு வரிசை), இணையத்தில் அறை முன்பதிவுப் பக்கத்தின் நகல், கட்டட அனுமதி வரைபடம். அனுமதியில் இரண்டு படுக்கையறை இருக்க, நிஜத்தில் எட்டு அறையும் எட்டுக் கழிவறையும் இருந்தால் அதுவே பெரிய சாட்சி. நேரில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். நினைவூட்டல் கடிதத்துக்கும் பதில் இல்லையென்றால், மனுவைப் பரிசீலித்து உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) கேட்கலாம். அங்கே கேட்கும் முதல் காகிதம் இந்த முத்திரை போட்ட நகல்தான்.

மின்சாரத்துக்குத் தனி மனு. வீட்டு இணைப்பு 1ஏ கட்டண விகிதம், வணிகத்துக்கு விகிதம் 5. வீட்டு இணைப்பில் விடுதி நடத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் பிரிவு 126-ல் வரும். உரிய விகிதத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். மாநகராட்சி நோட்டீஸை விட இது சீக்கிரம் உறைக்கும்.

புதுச்செயலாளர் | 8 மார்ச், இரவு 10.20

அங்கேதான் சிக்கல். அவர் ஏற்கெனவே கமர்ஷியல் மீட்டர் வாங்கி, சொத்து வரியையும் வணிக வகைக்கு மாற்றிவிட்டார். "அரசாங்கமே ஒத்துக்கொண்டு வரி வாங்குகிறது" என்று ரசீதைக் காட்டுகிறார்.

பத்திரக்கட்டு | 9 மார்ச், காலை 7.10

வரி ரசீது அனுமதி ஆகாது. நடப்பு உபயோகத்துக்கு வரி போடுவது வருவாய்க் கணக்கு, உபயோகத்தை மாற்ற அனுமதிப்பது திட்டமிடல் அதிகாரம். ஒன்று மற்றொன்றைச் சரியாக்காது. உண்மையில் அந்த ரசீது உங்களுக்குத்தான் சாட்சி: வீடாக அனுமதி வாங்கி வணிகமாகப் பயன்படுத்துவதை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் நகலை மனுவில் முதல் இணைப்பாக வையுங்கள்.

தீர்ப்பும் துணைக்கு இருக்கிறது. நொய்டாவில் குடியிருப்பு மனைகளில் வங்கியும் நர்சிங் ஹோமும் நடத்தியதை 2011-ல் ஆர்.கே. மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2024 டிசம்பர் 17 அன்று ராஜேந்திர குமார் பர்ஜாத்யா வழக்கு, மீரட்டில் குடியிருப்பு மனையில் கடைகள் கட்டியது. எத்தனை வருஷம் கழிந்தாலும், எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் அது காரணமாகாது என்று சொல்லி, நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல்களும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் மனுவில் ஒரு பத்தியில் குறிப்பிடுங்கள். பத்துத் தீர்ப்பை அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

காட்பாடி வாசி | 9 மார்ச், மதியம் 12.30

தங்க வர்றவங்க பாவம் சார். ஒரு மாசம் ஆஸ்பத்திரிக்கு அலையணும், லாட்ஜ் வாடகை கட்டுப்படி ஆகாது. கல்கத்தாவுல இருந்து, பங்களாதேஷ்ல இருந்து வர்றாங்க. இதையும் யோசிக்கணும்.

முன்னாள் அலுவலர் | 9 மார்ச், மாலை 6.45

யோசிக்கத்தான் வேண்டும், தம்பி. மாத வாடகைக்கு ஒரு குடும்பம் தங்கினால் அது குடியிருப்புதான், அதில் சங்கம் தலையிடவே கூடாது. தங்குபவரின் மொழியோ ஊரோ மதமோ மனுவில் ஒரு சொல்லாகக்கூட வரக் கூடாது. எட்டு அறைக்கு ஒரே படிக்கட்டு, வெளியேற வேறு வழி இல்லை, அறைக்குள்ளேயே காஸ் அடுப்பு என்றால் முதலில் ஆபத்தில் இருப்பவர் அந்த நோயாளிதான். வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் பதிவேற்ற வேண்டும், அது நடக்கிறதா என்பது காவல்துறை பார்க்க வேண்டிய வேலை. பெண்கள் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் உரிமமும் வேண்டும். காட்பாடிப் பக்கம் மாணவியருக்கு விடுகிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வரைபடக்காரர் | 11 மார்ச், இரவு 8.25

பூங்காவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. விடுதியை என்றைக்கானாலும் மூடலாம், விற்றுப்போன பூங்கா திரும்பாது.

இப்போதைய விதியில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக 10 விழுக்காடு பொது ஒதுக்கீட்டு இடமாகத் தானம் செய்தாக வேண்டும். பழைய மனைப்பிரிவில் வரைபடத்தில் பச்சை வண்ணம் இருக்கும், தானப் பத்திரம் பதிவாகாமலே போயிருக்கும். அல்லது பதிவாகி, நகர நில அளவைப் பதிவேட்டில் மட்டும் மனை போட்டவர் பெயரே தொடரும். பின்னாளில் வாரிசுகள் அந்தப் பட்டாவைக் காட்டி ஆறு மனையாகப் பிரித்து விற்பார்கள்.

பழைய சர்வே எண்ணுக்கு நேரான டவுன் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, பதிவேட்டில் யார் பெயர் என்று பாருங்கள். மாநகராட்சி பெயர் இல்லையென்றால், தானப் பத்திர நகலோடு பெயர் மாற்றக் கோரி ஆணையருக்கும் வட்டாட்சியருக்கும் மனு. சார்பதிவாளருக்குத் தனியாக ஆட்சேபணை: உள்ளாட்சிச் சொத்து, பதிவுச் சட்டம் பிரிவு 22-ஏ படி பதிவு செய்யக் கூடாது என்று.

புதுச்செயலாளர் | 11 மார்ச், இரவு 9.50

தானப் பத்திரமே இல்லையென்றால்?

பத்திரக்கட்டு | 12 மார்ச், காலை 6.40

அப்போதும் மனை போட்டவர் இஷ்டப்படி விற்க முடியாது. பண்டிட் சேத்ராம் வசிஷ்ட் வழக்கில், உரிமை அவரிடமே இருந்தாலும் பொது நன்மைக்கான காப்பாளராகத்தான் அந்த இடத்தை வைத்திருக்கிறார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்ததை 1991-ல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் ரத்து செய்தார்கள். ஆஸ்பத்திரிக்கே தரக் கூடாது என்றால் மற்றதைச் சொல்லவே வேண்டாம்.

சங்கத்துக்கும் இது பொருந்தும். பூங்காவில் சங்க அலுவலகம், பிள்ளையார் கோயில், கல்யாண மேடை எதையும் கட்டாதீர்கள். நாளைக்கு ஆக்கிரமிப்பாளர் மேல் மனு போடும்போது "நீயும் ஆக்கிரமித்திருக்கிறாய்" என்பான், பதில் இருக்காது. தெருமுனையில் போடும் இரும்புக் கேட்டும் அப்படித்தான். தானமாகக் கொடுத்த சாலை பொதுச் சாலை, ராத்திரி பூட்ட உங்களுக்கு உரிமை இல்லை.

காட்பாடி வாசி | 14 மார்ச், இரவு 7.15

2,500 சதுர அடி மனையில 3,500 சதுர அடி வரைக்கும் சுயசான்றிதழ்ல உடனே பிளான் வருதே, அதுல யாரும் வந்து பாக்கறதே இல்லையே?

வரைபடக்காரர் | 14 மார்ச், இரவு 10.00

ஆமாம், ஜூலை 2024 முதல். ஆனால் அது குடியிருப்புக்கு மட்டும், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடி. விண்ணப்பிப்பவர் தரும் உறுதிமொழியை நம்பித்தான் அனுமதி வருகிறது. அதில் வீடு என்று சொல்லி விடுதி கட்டினால் அந்த உறுதிமொழியே பொய். அனுமதியை ரத்து செய்யக் கேட்கலாம். முன்கூட்டிய கள ஆய்வு இல்லாததால், அஸ்திவாரம் தோண்டும்போதே பக்கவாட்டுத் திறவிடத்தை (சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய காலி இடம்) சங்கத்துக்காரர்கள் கவனிப்பது முன்பை விட இப்போது அவசியம்.

முன்னாள் அலுவலர் | 15 மார்ச், காலை 9.20

செயலாளரே, உங்கள் கமிட்டி மாறியது படிவம் 7-ல் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் ஆகிவிட்டதா? ஆண்டுக் கணக்கு? இது இல்லையென்றால் "இவர் செயலாளரே இல்லை" என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே சொல்வார். துணைவிதியைத் திருத்துவதானால் 21 நாள் முன்னறிவிப்போடு பேரவை, வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. தீர்மானம் நிறைவேறிய அன்றே அமலுக்கு வராது, பதிவாளர் பதிந்த நாளிலிருந்துதான்.

புதுச்செயலாளர் | 21 ஏப்ரல் 2025, இரவு 8.30

கேட்ட பதில்கள் எல்லாம் வந்துவிட்டன. முதன்மைக் குடியிருப்பு மண்டலம்தான். கட்டட அனுமதியில் ஒரே ஒரு குடியிருப்பு. செயல்முறை ஆணை கிடைத்தது. தானப் பத்திரம் மட்டும் "கோப்பில் இல்லை" என்கிறார்கள். முதல் பத்திரத்தில் (அ) மாதிரி வாசகம் இருக்கிறது, அன்றைக்கு 40 மனைக்கு மேல் விற்காமல் இருந்திருக்கிறது. படிவம் 7 இரண்டு வருஷமாகப் போடவில்லை.

பத்திரக்கட்டு | 21 ஏப்ரல், இரவு 9.05

முதலில் படிவம் 7-ஐத் தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்யுங்கள். அதே வாரத்தில் ஆணையருக்கு மனு போகலாம், ஆனால் பக்கத்து மனைக்காரரும் தன் பெயரில் தனியாகக் கையெழுத்திடட்டும். சங்கத்தின் தாக்கல் தாமதமானாலும் அவர் மனு நிற்கும். சிவில் வழக்கு இப்போது வேண்டாம், ஆணையரின் பதிலைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். தானப் பத்திரத்துக்கு, அங்கீகாரத் தேதிக்கு முன்பும் பின்புமாக மூன்று மூன்று வருஷம் வைத்து, மூல சர்வே எண் எல்லாவற்றுக்கும் வில்லங்கம் போடுங்கள். பழைய பஞ்சாயத்தின் பெயர் "எழுதி வாங்குபவர்" கட்டத்தில் வருகிறதா என்று வரி வரியாகப் பாருங்கள், உட்பிரிவு எண்ணை விட்டுவிடாதீர்கள்.